காஞ்சித் தறியில் கணினிக்கு எங்கே இடம்?

சென்னையில் ஜவுளி வடிவமைப்பு கடைசி ஆண்டு படிக்கும் ஒருவரின் கேள்வி இது. காஞ்சிபுரம் நெசவையும் நவீனத் தொழில்நுட்பத்தையும் சேர்த்து புராஜெக்ட் செய்ய வேண்டும். ஏஐயில் டிசைன் உருவாக்குவதா, எலெக்ட்ரானிக் ஜக்கார்டில் நெய்வதா, துணிக்குள் சென்சார் வைப்பதா? எங்கே தொடங்குவது? இதெல்லாம் பாரம்பரியத்தைக் கெடுத்துவிடாதா?

கடைசிக் கவலையை முதலில் ஓரங்கட்டிவிடலாம். காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளில் தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகள் அதிலிருந்து சரஞ்சரமாகத் தொங்கும். பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஜக்கார்டு பொறி அது; டிசைனுக்கு எந்த இழைகள் எழ வேண்டும் என்பதை அட்டைத் துளைகள் தீர்மானிக்கும். அது இங்கே வருவதற்கு முன்னால் இருந்தது அடை முறை. டிசைனுக்கான இழைக் கொத்துகளைப் பக்கத்தில் இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பையன், கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பையன்கள் பள்ளிக்கூடம் போனதில் ஜக்கார்டு பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். நாடா என்பது குறுக்கு இழையைச் சுமந்து போகும் சின்னப் படகு. கயிற்றை இழுத்தால் அது தானே ஓடும் விசைநாடாவை இங்கிலாந்தில் ஜான் கே 1733-ல் கண்டுபிடித்தார். சென்னை மாகாணத்தில் அதைப் பரப்பப் பாடுபட்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1900-களின் தொடக்கத்தில் இதற்காகவே சேலத்தில் ஒரு நெசவுச் சாலை நடத்தினார். பருத்தித் தறிகள் மெல்ல மெல்ல அதை எடுத்துக்கொண்டன. கரையையும் உடலையும் தனித்தனி இழையால் நெய்து இணைக்கும் கோர்வைப் பட்டு நெய்பவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, உடலுக்கு ஒரு நாடா. ஒவ்வொன்றையும் பாதி வழியில் நிறுத்தித் திருப்ப வேண்டும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே பாய்ச்சலில் ஓடும் நாடாவால் அவர்களுக்கு என்ன பிரயோஜனம்? ஆக, தறிக்காரர்கள் வேலைக்கு ஆகுமா என்று பார்த்துத்தான் எடுத்தார்கள், விட்டார்கள். நீங்களும் அப்படியே பாருங்கள்.

என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். காஞ்சி நெசவில் கணினிக்கு நல்ல இடம் நெசவுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. டிசைனைக் கட்டம் கட்டமாக வரையும் கிராஃப், அட்டை, சாயம், நூல் கணக்கு எல்லாம் அங்கேதான் வருகின்றன. நேரமும் பணமும் அதிகம் வீணாவதும் அங்கேதான். ஊடையை, அதாவது குறுக்கு இழையை, போட்டு அடிக்கும் கையை மாற்றப் போனால் துணியே வேறு துணியாகிவிடும்.

கிராஃபிலிருந்து தொடங்குவோம், மாணவர்கள் தடுக்கி விழும் இடமும் அதுதான். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்பது ஒரு பாவு இழையும் (நீளவாக்கு இழை) ஒரு ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. கொக்கிதான் பாவு இழையைத் தூக்குவது. 240 கொக்கி ஜக்கார்டு என்றால் அகலத்தில் 240 கட்டம், அவ்வளவுதான் உங்கள் ராஜ்ஜியம். அங்குலத்துக்கு 80 பாவு இழை என்று வைத்தால் டிசைன் 3 அங்குலத்தில் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு கொக்கிக்கு இரண்டு இழை கட்டினால் 6 அங்குலம் கிடைக்கும். ஆனால் வளைவுகளில் தெரியும் படிக்கட்டும் இரண்டு மடங்காகும். நீளவாக்கில் கணக்கு வேறு. அங்கே ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்து, 30 அங்குல முந்தியை எங்கேயும் திரும்ப வராத ஒரே சித்திரமாக வரைந்தால் 1,800 அட்டை வேண்டும். அதை அடித்து, வரிசைப்படுத்தி, கோத்து ஏற்றுவதற்கு ஆகும் செலவை ஒரு புடவையில் எடுக்க முடியாது. அதனால்தான் ஒரே முந்தி டிசைன் வருஷக்கணக்கில் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

பாவு 80, ஊடை 60 என்றால் உங்கள் கட்டம் சதுரமும் இல்லை. சதுரக் கட்டத்தில் அழகாக வரைந்த சக்கரம் தறியில் நின்றவாக்கில் நீண்டு முட்டையாக வரும். மென்பொருளில் இந்த இரண்டு எண்ணையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. நிறையப் பேர் கொடுப்பதில்லை. திரையில் வட்டம் வட்டமாகவே தெரிவதால் சந்தேகமும் வராது.

அடுத்தது மிதக்கும் இழை. ஜரிகை ஊடை பாவுக்கு அடியில் புகாமல் நீளமாக மேலேயே கிடந்தால் வளையலில் மாட்டும், ஒரே கல்யாணத்தில் பிசிறு கிளம்பிவிடும். ஆகவே யானையின் உடம்பு, பெரிய இதழ் மாதிரி நிறைந்த பரப்புகளில் நடுநடுவே இழையை அமுக்கிப் பிடிக்கும் புள்ளிகள் வைக்க வேண்டும். வீட்டில் பாட்டியின் பழைய காஞ்சிப் புடவை இருந்தால் எடுத்து, அதில் ஓர் அன்னபட்சியின் மேல் பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். சும்மா பார்த்தால் தங்கத் தகடாகத் தெரிகிற உடம்பில் நிறையப் பொட்டுகள் இருக்கும், பாவின் நிறத்தில். கழுத்தில் அவை சாய்ந்து ஓடும். இறகில் திசை மாறும். வால் பக்கம் நெருக்கமாகும். இழை அறுந்து தொங்காமல் இருக்க வைத்த புள்ளிகளையே அந்தக் கிராஃப்காரர் இறகின் கோடாகவும் ஆக்கியிருப்பார். மென்பொருளும் புள்ளி வைக்கும், ஒரு பொத்தானை அழுத்தினால் பரப்பு முழுக்க ஒரே சீராக. துணி உறுதியாக இருக்கும், பறவைதான் உயிர் இல்லாமல் போகும். இந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளவாவது கையால் கிராஃப் போடும் பெரியவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இப்போது ஏஐ. கேட்ட மாத்திரத்தில் படங்களைக் கொட்டும். அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் நிழல், மங்கல், ஒன்றோடொன்று கரையும் நிறம் என்று தறிக்கு ஆகாதவை எல்லாம் இருக்கும். தறிக்கு வேண்டியது நாலைந்து நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் இன்ன நெசவு என்ற முடிவு, இடது ஓரம் வலது ஓரத்தோடு பிசகாமல் சேரும் ஒரு சுற்று. காஞ்சிபுரம் பார்டர் என்று கேட்டால் பனாரஸ் கொடியையும் மாங்காயையும் கோபுரத்தோடு கலந்து தரும். ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு, வைர ஊசி, மல்லிமொக்கு, யாளி, இருதலைப்பட்சி ஆகிய காஞ்சி உருவங்களில் எது எதன் பக்கத்தில் வரும், எது கரையின் ஓரத்தில் நிற்கும், எது நடுவில் என்பதற்கெல்லாம் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை மீறலாம், தெரிந்துகொண்டு மீறினால் நல்லது. படத்தை உருவாக்குவதைவிட, போட்ட கிராஃபைச் சரிபார்க்கக் கணினியைப் பயன்படுத்துங்கள் என்பதே என் யோசனை. பைத்தானில் ஒரு சின்ன நிரல் போதும். ஒவ்வொரு வரியிலும் தொடர்ந்து எத்தனை கட்டம் மேலே கிடக்கிறது என்று எண்ணி, நீங்கள் வைத்த வரம்பைத் தாண்டினால் அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டட்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதும் இல்லை. டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கிய டிஜிபுனாய், ஜக்கார்டுக்கும், சின்ன டிசைன்களை நெய்யும் டாபி பொறிக்கும் ஆன ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்.

நிறத்தில் திரை உங்களை ஏமாற்றும். மயில்கழுத்து என்று நாம் சொல்லும் நிறம் எந்த ஒரு நூலிலும் இல்லை. பாவு நீலம், ஊடை பச்சை, அல்லது மாற்றி. மடிப்பு திரும்பும்போது ஒன்று மறைந்து மற்றொன்று எழும். கணினி இரண்டையும் கலந்து நடுவில் ஒரு தட்டையான நிறத்தைக் காட்டிவிட்டு, முடிந்தது என்று சொல்லும். அதைப் பார்த்து அரக்கு வேண்டாம், மெஜந்தா போடலாம் என்று முடிவெடுத்தால் துணி வந்ததும் தலையில் கை வைப்பீர்கள். பாவு, ஊடை இரண்டு நிறத்திலும் கொஞ்சம் நூல் வாங்கி ஓர் அட்டைத்துண்டில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டிப் பாருங்கள். அதிகம் செலவில்லாத சோதனை. கணினி இங்கே உண்மையில் உதவுவது சாயப் பட்டறையில்தான். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இருந்தால், போன வருஷம் போட்ட அதே எம்.எஸ். புளூவை (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் நீலம்) இந்த வருஷமும் கொண்டுவருவது குத்துமதிப்பாக இல்லாமல் கணக்காக நடக்கும்.

எலெக்ட்ரானிக் ஜக்கார்டைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 1983-ல் பிரிட்டனின் போனாஸ் நிறுவனம் அதை முதன்முதலில் காட்டியபோது அது ஆலைகளுக்கானது. இப்போது கைத்தறி மேலும் ஏறிவிட்டது. அட்டைக்குப் பதில் பென்டிரைவ். நான் மேலே சொன்ன 1,800 அட்டைச் செலவு அடியோடு போய்விடுகிறது. ஒரே ஒரு புடவைக்காக ஒரு முந்தியை வடிவமைப்பது முதன்முறையாகக் கட்டுப்படியாகிறது. தன் ஊர்க் கோயில் குளத்தை முந்தியில் கேட்கும் மணப்பெண்ணுக்கு மாட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இது பெரிய மாற்றம், உங்கள் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைப்பது கஷ்டம். மறுபக்கம் இருக்கிறது. அட்டைக் கட்டு கிலோக்கணக்கில் எடை, முதலாளி வீட்டுப் பரணை விட்டு நகராது. ஃபைல் ஒரு நொடியில் நகரும். டிசைன் திருட்டு அதோடு சேர்ந்தே வந்தது. மின்சாரம் போனால் தறி நிற்கும். பழைய பெட்டியில் கொக்கி வளைந்தால் நெசவாளரே குறடு எடுத்துச் சரி செய்துவிடுவார். இதில் ஒரு போர்டு போனால் ஆள் வந்து பார்க்கும்வரை கூலி கிடையாது.

ஜக்கார்டை மிதித்துத் தூக்குவது முழங்காலையும் இடுப்பையும் தின்னும் வேலை. தூக்குவதற்கு மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைப்பதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அது எதுவரை போகலாம் என்பது சட்டம் தொடும் விஷயம். 1985-ம் ஆண்டுக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்கிறது. இன்று கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட ரகங்கள் 11, அதில் புடவையும் ஒன்று. புணி திறப்பது (நாடா போக இழைகளைப் பிரித்து வழி விடுவது), நாடா ஓட்டுவது, ஊடையை அடிப்பது மூன்றையும் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டுக் கைத்தறி என்று லேபிள் ஒட்ட முடியாது.

லேபிளை விடுங்கள், துணியே மாறும். கோர்வையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லைக் கோட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அவரவர் பக்கம் திரும்பிவிடும். அதனால் அரக்குக் கரை அரக்காகவே இருக்கும், உடலின் பச்சை அதற்குள் ஒரு இழைகூட நுழையாது. சாதாரண விசைத்தறியில் ஊடை முழு அகலத்துக்கும் ஓடுகிறது, ஆகவே கரையில் இரண்டு நிறமும் கலந்து கொஞ்சம் மங்கும். தி.நகரில் கடைக்காரர் விரிக்கும் புடவையில் கரை உடலோடு சேரும் இடத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். முந்தியின் பாவை உடலின் பாவோடு இழை இழையாகக் கோக்கும் பெட்னி வேலையும் இப்படித்தான். அதை இயந்திரமாக்குவதில் உங்கள் ஓராண்டைச் செலவழிக்காதீர்கள்.

சென்சார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்.இ.டி. பல்பு எரியும் புடவை என்றால் தயவுசெய்து வேண்டாம், ஃபேஷன் ஷோ மேடையோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆனால் ஜரிகையை வேறு கண்ணோடு பாருங்கள். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதாவது மின்கம்பி. இதை நானாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் ஆய்வாளர்கள் துணியில் மின்சுற்று செய்யத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று, இந்தியாவில் நெய்யப்படும் உலோக இழைப் பட்டு ஆர்கன்சா என்ற மெல்லிய துணி. 2000-ல் வெளியான அவர்கள் கட்டுரையே அதைச் சொல்கிறது. 2015-ல் மின்சாரம் கடத்தும் நூலை நெய்து கூகுள் ஒரு திட்டம் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயரும் ஜக்கார்டுதான்.

கோர்வை இங்கே ஒரு வேடிக்கையான உதவி செய்கிறது. கரையின் ஜரிகை உடலுக்குள் வருவதில்லை, உடல் வெறும் பட்டு, பட்டு மின்சாரம் கடத்தாது. ஆகவே இரண்டு கரையும் நடுவில் காப்பு போட்ட இரண்டு தனிக் கம்பிகளாக நிற்கின்றன. தொட்டால் ஒலி எழுப்பும் ஒரு சுவர்த்துணி செய்ய இது போதும். புடவையாகக் கட்டினால் நடக்காது. கொசுவத்தில் மடிப்பு மடிப்பாக ஜரிகை ஜரிகையைத் தொடும், சுற்று ஒன்றாகிவிடும். வியர்வை பட்டால் வெள்ளி கறுக்கும். எனவே சுவரில் தொங்குவது, மடியாமல் விரிந்திருப்பது என்று யோசியுங்கள். நூல் வாங்கும்போது மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் படலத்தில் செய்த ஜரிகை பெரும்பாலும் மின்சாரம் கடத்தாது. செம்புக் கம்பி ஜரிகை வெள்ளியைப் போலவே கடத்தும். செம்பா வெள்ளியா என்று பார்க்க எக்ஸ்ரே ஃபுளோரசன்ஸ் கருவி வேண்டும், நகையைச் சோதிப்பதும் அதே கருவிதான்.

கியூஆர் கோடு, பிளாக்செயின் வைத்து அசலை நிரூபிப்பது பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் ஏற்கெனவே இருக்கின்றன. கோடு ஒட்டியிருப்பது அசல் துணியிலா போலியிலா என்பதை எந்தக் கோடும் சொல்லாது. நெய்தவரின் படத்தையும் பெயரையும் புடவையோடு சேர்த்து கோ-ஆப்டெக்ஸ் வெளியிட்டது எனக்கு இதைவிடப் பிடித்த தொழில்நுட்பம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊரில் நெய்த மாதிரிக்கு அந்தப் பெயரை வைத்துவிடாதீர்கள்.

சென்னையில் இருப்பது உங்களுக்கு வசதி. இந்த ஊரே துணிக்காக வளர்ந்தது. சிந்தாதிரிப்பேட்டை 1734-ல் நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியமர்த்த உருவாக்கப்பட்டது. 1956-ல் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஒன்று சென்னையிலும் ஒன்று காஞ்சிபுரத்திலும் இருக்கின்றன, ஓவியரும் தறிக்காரரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யட்டும் என்ற எண்ணத்தில் வந்தவை. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடத்தைப் பாருங்கள். ஜரிகையைக் குறைத்து, நிறத்தையும் கரையையும் மட்டும் நம்பிய அந்தப் புடவைகளைப் பார்த்தால் புதுமைக்குப் புதுக் கருவி கட்டாயமில்லை என்பது புரியும். குழிக்குள் கால் வைத்து நெய்யும் குழித்தறி எப்படி இருக்கும் என்றே தெரியாவிட்டால் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்று இருக்கிறது. அதற்கப்புறம் காஞ்சிபுரம் போங்கள், எழுபது எண்பது கிலோமீட்டர்தான்.

போகும்போது கூலி விஷயத்தைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஒரு சாம்பிள்தானே, அரை மீட்டர்தானே என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அந்த அரை மீட்டருக்காக ஓடிக்கொண்டிருக்கும் பாவை நிறுத்தி, ஜக்கார்டு கட்டை மாற்றி, மறுபடி பழையபடி கட்ட வேண்டும். நெய்த நீளத்துக்கு இல்லாமல், தறி நின்ற நாள்களுக்குக் கொடுங்கள். கோர்வை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து உதவுபவருக்கும் சேர்த்து. முகூர்த்த ஆர்டர் குவியும் மாதங்களில் யாரும் தறி தரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் ஈரம் ஊறிப் பல தறிகள் நின்றுவிடும். ஏப்ரலில் சமர்ப்பிக்க வேண்டுமென்றால் கிராஃபை ஆவணிக்குள் முடித்து, சாம்பிளைப் புரட்டாசியில் தறியேற்றப் பாருங்கள்.